தனுஷ்கோடி என்னும் ரயில் ஊர்



தனுஷ்கோடி என்று தலைப்புக் கொடுத்ததும், "புயலைப் பற்றித்தானே பேசப் போகிறீர்கள்?" என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். புயலும் வரும். ஆனால் நாலு வரிக்கு மேல் வராது. நம்மிடம் தனுஷ்கோடிக்கு இரண்டு கதைகள்தான் உண்டு. ஒன்று ராமர் வில்லின் முனையால் அணையை உடைத்த கதை. இன்னொன்று 1964 டிசம்பர் கதை. முதலாவதில் ஊர் இன்னும் பிறக்கவில்லை. இரண்டாவதில் ஊர் சாகிறது. நடுவில் ஐம்பது ஆண்டுகள் அங்கே ஓர் ஊர் இருந்ததே, அது எதற்காக வந்தது, எதைத் தின்று வளர்ந்தது என்று கேட்க ஆளில்லை. இன்றைக்கு அதைக் கேட்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தனுஷ்கோடி புராதனமான தலம். புராதனமான ஊர் அல்ல. காசியிலிருந்து கால்நடையாக வந்தவர்கள் சேதுவில் நீராடி, மணலை முடிந்துகொண்டு திரும்பிய இடம் அது. அவர்கள் தங்கியது ராமேஸ்வரத்தில். தனுஷ்கோடிக்குப் போவார்கள், முழுக்குப் போடுவார்கள், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். மீனவர் குடிசைகளைத் தவிர அங்கே மணல்தான். வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். இரண்டுக்கும் நடுவில் கயிறு போல ஒரு மணல்திட்டு. கரையோர மக்கள் ஒன்றைப் பெண் கடல் என்பார்கள், மற்றதை ஆண் கடல் என்பார்கள். வாடைக்காற்றில் ஒரு பக்கம் கொந்தளித்தால் மறுபக்கம் அடங்கியிருக்கும்; சோழகக் காற்று எழுந்தால் கதை தலைகீழாகும். ஊர் அமைக்க நினைக்கிறவன் யாரும் தேடிப் போகிற இடமல்ல. ரயில்வே கம்பெனி தேடிப் போனது. காரணம், எதிரே 22 மைல் தூரத்தில் இலங்கையின் தலைமன்னார் இருந்தது.

அன்றைக்குக் கொழும்புக்குப் போகிற வழி தூத்துக்குடி. 1876 முதல் தூத்துக்குடிக்கு ரயில் உண்டு. ரயிலில் இறங்கிக் கப்பல் ஏறலாம் என்று சொல்வது சுலபம். தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாதது; பெரிய கப்பல்கள் நாலைந்து மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். படகில் குலுங்கிக்கொண்டே போய், அந்தரத்தில் ஆடுகிற ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். பிறகு ஓர் இரவு முழுக்க மன்னார் வளைகுடாவின் அலை. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கு நின்றது இந்தத் தூத்துக்குடி–கொழும்புத் தடத்துக்காகத்தான். அது எவ்வளவு வருமானமுள்ள தடம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பிரிட்டிஷ் இந்தியா நேவிகேஷன் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கிப் போட்டி போட்டதையும், வ.உ.சி. சிறைக்குப் போனதையும் நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நூறு மைலுக்கு மேல் கப்பல் போகிற தடத்தை 22 மைலாகச் சுருக்கி, கப்பலையும் தானே ஓட்டுவதென்று இறங்கியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி.

இந்தத் தடத்தில் போனவர்கள் யார்? கொழும்பில் கடை வைத்திருந்த வியாபாரிகள் போனார்கள், துரைமார்கள் போனார்கள், தபால் மூட்டை போனது. ஆனால் வண்டியை நிரப்பியவர்கள் அவர்கள் அல்லர். இலங்கை மலைநாட்டுக்குக் காப்பிக் காலத்திலிருந்தே ராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்து ஏழைகள் போய்க்கொண்டிருந்தார்கள். ஆரம்பத்தில் தோணியில் கடலைத் தாண்டி மன்னார்ப் பக்கம் இறங்குவார்கள். அங்கிருந்து வன்னிக் காட்டின் வழியாக மாத்தளை வரை நடை. தண்ணீரில்லாத காடு, காலராவும் காய்ச்சலும் வழி நெடுக. எத்தனை பேர் அந்தப் பாதையில் விழுந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கு யாரும் வைக்கவில்லை. பிளேக் பயத்தால் 1899-இல் அந்த வடபாதையை மூடினார்கள். அப்புறம் எல்லோரும் தூத்துக்குடி வழிதான். தேயிலைத் தோட்டங்களோ ஆள் வேண்டும், இன்னும் ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தன. அந்தக் கோரிக்கைக்குப் பதிலாக எழுந்த ஊர்தான் தனுஷ்கோடி என்பது என் கட்சி. நீங்கள் மறுக்கலாம், கூட்டம் முடிந்ததும் பேசுவோம்.

1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை மீட்டர்கேஜ் பாதை வந்துவிட்டது. அங்கே கடல் குறுக்கே நின்றது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீர். அதன்மேல் 145 கண்கள் வைத்துப் பாம்பன் பாலத்தைக் கட்டினார்கள். நடுவில் கப்பல் போக வழிவிட வேண்டுமே, அதற்காக ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி ஒரு தூக்குப் பாலம். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. கதவின் இரண்டு பலகை போல, இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வோர் இரும்புச் சட்டகம் நடுவில் வந்து சேர்ந்திருக்கும். அடிப்பகுதி சக்கரம் போல வளைந்தது. பின்பக்கம் எடைக்கல். மோட்டார் கிடையாது. பக்கத்துக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு ஆட்கள் இரும்புக் கம்பியைப் பிடித்துச் சுற்ற, அத்தனை டன் இரும்பும் உருண்டபடியே பின்னால் சாய்ந்து எழுந்து நிற்கும். கப்பல் போனதும் திருப்பிச் சுற்றுவார்கள், இறங்கும். பற்சக்கரத்துக்கு எண்ணெய் போடுவதும், உப்புக்காற்றில் பூத்த துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதும் முடிவில்லாத வேலை. ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் தொடங்கிய முனை மறுபடி துருவேறியிருக்கும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே தோழர்கள் சிலர் தலையாட்டுகிறார்கள். அந்த வேலையைச் செய்தவர்களாகத்தான் இருக்கும்.

1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி என்ற ரயில் ஊரின் பிறந்த தேதி என்று அதையே வைத்துக்கொள்ளலாம். அக்கரையில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு இலங்கை ரயில்வே பாதை போட்டிருந்தது. நடுவில் ஓட கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று நீராவிக் கப்பல்கள். மூன்றுமே வைஸ்ராய்களின் பெயர்கள். பின்னாளில் இர்வின், கோஷன் என்று வந்தவற்றுக்கும் பதவிக்காரர்களின் பெயரே. ராமநாதபுரம் மன்னர்களான சேதுபதிகளின் சீமையில் ஓடிய கப்பல்களில் ஒன்றுக்குக்கூட ஒரு சேதுபதியின் பெயரை வைக்கத் தோன்றவில்லை கம்பெனிக்கு. போகட்டும்.

இப்போது பாதை எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள், கம்பெனியின் மனசு தெரியும். பாலத்தைத் தாண்டியதும் பாம்பனில் இரண்டு பாதை பிரியும். ஒன்று பத்து கிலோமீட்டரில் ராமேஸ்வரம். இன்னொன்று மணல்வெளியில் 24 கிலோமீட்டர் ஓடித் தனுஷ்கோடி. பிரதான பாதை எது? தனுஷ்கோடி. பாரதம் முழுவதும் கைகூப்புகிற ராமேஸ்வரம் கிளைப்பாதை. மெயிலில் வந்த யாத்ரீகர்கள் பாம்பனில் இறங்கி வண்டி மாற வேண்டும். மெயில் அவர்களுக்காகத் திரும்பாது. நேரே கடலைப் பார்த்துப் போய்விடும். எழும்பூரில் சீட்டு வாங்கினால் கொழும்பு கோட்டை வரை அதே சீட்டு. மாலையில் எழும்பூரில் ஏறினால் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி, பொழுது சாயும்போது தலைமன்னார், மூன்றாம் நாள் காலை கொழும்பு. தூத்துக்குடி வழியில் பிறந்த போட் மெயில் என்ற பெயர் இந்த வழிக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

கப்பலோடு நிறுத்தவும் கம்பெனிக்கு மனசில்லை. கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்த நெவில் பிரீஸ்ட்லி, ஆதாம் பாலம் என்று அவர்கள் சொல்லும் நம் சேதுவின் திட்டுகள் மேலேயே ரயிலை ஓட்டிவிடலாம் என்று ஒரு திட்டம் எழுதினார். மொத்தம் சுமார் 20 மைல். அதில் ஏழு மைல் போல மணல்திட்டு, மீதி தண்ணீர். கான்கிரீட் தூண்களை இரண்டு வரிசையாக மணலில் இறக்குவது, தூண்களுக்கு இடையே கான்கிரீட் பலகைகளைச் செருகுவது, அவ்வளவுதான். மீதி வேலையைக் கடல் பார்த்துக்கொள்ளும். பருவக்காற்று கொண்டுவரும் மணல் சுவரோரமாகக் குவிந்து, நாளாவட்டத்தில் இரண்டு கரையும் சேர்ந்துவிடும் என்பது கணக்கு. அந்தக் கடலைக் கண்ணால் பார்த்தவன் எழுதியதுதானா என்று சந்தேகம் வருகிறது. ஆனால் காகிதத்தில் அழகான திட்டம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் பக்கம் மீட்டர்கேஜ். இலங்கைப் பக்கம் அகலப்பாதை. கடலின் மேல் தண்டவாளம் போட்டாலும், ஏதோ ஒரு கரையில் இறங்கி வேறு வண்டி ஏறியே தீர வேண்டும். உலகப் போர் வந்தது, திட்டம் அலமாரிக்குப் போனது. அது நிறைவேறாமல் போனதால்தான் தனுஷ்கோடிக்குப் பிழைப்பு கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ரயில் நேராகப் போயிருந்தால் அங்கே யார் இறங்கியிருப்பார்கள்? ஜனங்கள் ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவதற்கு நடுவில் இருக்கிற இடைவெளிதான் அந்த ஊரின் சொத்து.

அந்த இடைவெளிக்குள் ஊர் வளர்ந்தது. ஸ்டேஷன், கப்பல் துறை, சுங்கச் சாவடி, தபால் தந்தி ஆபீஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பவளக்கல்லில் கட்டிய தேவாலயம், கோயில், இட்லிக் கடை. செங்கல்லுக்கு வழியில்லாத இடத்தில் கடலே கல் கொடுத்தது. இன்றைக்கும் நிற்கிற தேவாலயச் சுவரில் கை வைத்தால் புழு அரித்தது போலத் துளைத்துளையாக இருப்பது அந்தப் பவளக்கல்தான். என்ஜினுக்குத் தண்ணீர்த் தொட்டி; அதன் தூண்களும் மிச்சம். குடிக்கிற தண்ணீரில்தான் அந்த மண்ணின் அதிசயம். இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்க, மணலில் கையால் ஒரு முழம் இரண்டு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. சிரட்டையால் மெதுவாக மொண்டுகொள்ள வேண்டும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலேறிவிடும். பெண்கள் ஊற்றடியில் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். இன்றைக்கும் அங்கே எஞ்சியிருக்கிற மீனவக் குடும்பங்கள் அப்படித்தான் நீர் எடுக்கின்றன.

ஊருக்குக் கடிகாரம் மெயில்தான். வண்டி வருவதற்கு முன்னால் ஒரு சுறுசுறுப்பு, கப்பல் கிளம்பியதும் ஒரு மந்தம். இலங்கையிலிருந்து கப்பல் வந்தால் மறுபடி உயிர் வரும். போர்ட்டர், சுங்க அதிகாரி, டாக்டர், பணம் மாற்றுகிறவர், பழக்காரி எல்லோருக்கும் அந்தச் சில மணி நேரந்தான் வியாபாரம். மீனும் கருவாடும் அரிசியும் துணியும் போகும். இரவில் காற்று மணலை அள்ளித் தண்டவாளத்தின் மேல் போடும். விடிந்ததும் கேங்மேன்கள் மண்வெட்டியோடு நிற்பார்கள். ரயில் ஓடாவிட்டால் ஒரு வாரத்தில் மணல் தன் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது தனுஷ்கோடிக் கதையில் பாதிதான். மறுபாதி பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபத்தில் இருக்கிறது. மண்டபம் கேம்ப் என்று ஒரு ஸ்டேஷன் இன்றைக்கும் உண்டு. எதற்கான கேம்ப் என்று வண்டியில் போகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். அகதி முகாம் என்பார்கள். அது பிற்காலம். ஆதியில் அது இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய தொழிலாளர் முகாம். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். சேர்ந்தவர்களை ரயிலில் மண்டபத்துக்குக் கொண்டுவருவார்கள். அங்கே பெயர் பதிவு, அம்மைக் குத்து, காலரா பிளேக் உண்டா என்று பார்க்கச் சில நாள் தடுத்துவைப்பு. உடுத்தியிருந்த துணியை வாங்கி ஆவியில் வேக வைத்துத் திருப்பித் தருவார்கள். துரைமார்கள் மெயிலில் பாலத்தைக் கடந்து நேரே கப்பல் ஏறிக்கொண்டிருந்தபோது, அதே பாதையில் இவர்கள் மூலிகை மூட்டை போலப் புகை போட்டு அனுப்பப்பட்டார்கள்.

கழுத்தில் ஒரு தகர வில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்ட ஏற்பாடு அது. எந்தத் தோட்டம் என்பதற்கான எழுத்தும் எண்ணும் அதில் பொறித்திருக்கும். வில்லையைக் காட்டினால் ரயிலுக்கும் கப்பலுக்கும் காசு கேட்க மாட்டார்கள், சோறும் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். தகர டிக்கெட் என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவன் வழிதவறாமல் போய்ச் சேர நல்ல ஏற்பாடு என்று நிர்வாகம் பெருமைப்பட்டது. அதே எண்தான் அவன் வேறு தோட்டத்துக்குப் போய்விடாமலும் பார்த்துக்கொண்டது. ஊரிலிருந்து கிளம்பியவன் மண்டபத்தில் மனுஷனாக உள்ளே போய், தனுஷ்கோடியில் எண்ணாகக் கப்பல் ஏறினான். ரயில்வே சரித்திரம் எழுதுகிறவர்கள் பாலத்தின் கண்களை எண்ணிச் சொல்வார்கள். இந்தத் தகர வில்லைகளை எண்ணிச் சொன்னால் அந்தப் பாலம் எதற்குக் கட்டப்பட்டது என்பது விளங்கும்.

ஆகவே, தோட்டத்துக்கு ஆள் போகும்வரை தனுஷ்கோடிக்குக் கவலையில்லை. 1939-இல் முதல் அடி விழுந்தது. இலங்கை அரசு தன் தினக்கூலி வேலைகளிலிருந்து இந்தியர்களை நீக்கத் தொடங்க, இந்திய அரசு அந்த ஆகஸ்டில் கூலி வேலைக்கு இலங்கை செல்வதைத் தடுத்துவிட்டது. அடுத்தது பெரிய அடி. 1948-இல் சுதந்திர இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. கூடவே குடிவரவுச் சட்டமும் வந்தது. அதுவரை சந்தைக்குப் போவது போலப் போய்வந்த கடலுக்கு பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்டார்கள். ஊரில் ஒரு சாவு, தோட்டத்தில் ஒரு கல்யாணம் என்றால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற பழக்கம் முறிந்தது. கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மெயிலும் வந்தது. ஆனால் எந்தக் கூட்டத்துக்காக அந்த ஊர் எழுந்ததோ அந்தக் கூட்டம் வரவில்லை. தனுஷ்கோடியைக் கொன்றது புயல் என்கிறோம். புயலுக்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே அதன் சாப்பாட்டைச் சட்டம் நிறுத்திவிட்டது என்பேன்.

புயலுக்கு வருகிறேன். 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் வண்டி ஊரை எட்டும் தறுவாயில் அலைக்கு இரையானது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. ஊரும் போனது. பாம்பன் பாலத்தின் கண்கள் பல கடலில் விழுந்தன. இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரன் 46 நாளில் அதைச் சரிசெய்து ரயிலை ஓடவிட்டது ரயில்வேயில் எல்லோரும் சொல்கிற பெருமை.

ஓடவிட்ட ரயில் எங்கே போனது என்பதுதான் எனக்கு முக்கியம். ராமேஸ்வரத்துக்குப் போனது. கிளைப்பாதை பிரதான பாதையானது. தனுஷ்கோடிப் பாதையைத் திரும்பப் போடவில்லை. இரண்டு கிலோமீட்டர் கடல்பாலத்தை ஒன்றரை மாதத்தில் எழுப்ப முடிந்தவர்களுக்கு மணலில் தண்டவாளம் போடத் தெரியாமலா போயிற்று? தேவை இல்லை என்று முடிவு செய்தார்கள். வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்ததோடு கோப்பு மூடப்பட்டது.

அதே 1964-இல், புயலுக்கு ஐம்பத்து மூன்று நாள் முன்னால், அக்டோபர் 30 அன்று இன்னொரு காரியம் நடந்தது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மலைநாட்டுத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனுஷ்கோடி நின்றிருந்தால் அத்தனை பேரும் அந்தத் துறையில்தான் இறங்கியிருப்பார்கள்; ஊருக்கு இன்னும் இருபது வருஷ வியாபாரம் நடந்திருக்கும். துறை இல்லாததால் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ராமானுஜம் என்ற கப்பலை விட்டார்கள். 1980-களின் நடுவில் இலங்கையில் கலவரம் முற்றிக் கப்பல் நின்றுபோகும்வரை, தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள் தகரப் பெட்டியும் குழந்தைகளுமாக அதில் வந்து இறங்கினார்கள். இந்தியாவை அதற்கு முன் பார்த்திராதவர்கள் பலர்.

இறங்கியவர்களை ராமேஸ்வரத்தில் ரயிலேற்றி, பாலத்தைக் கடந்து மண்டபம் முகாமுக்கு அனுப்பினார்கள். தாத்தாவின் துணியை ஆவியில் போட்டுக் கழுத்தில் வில்லை மாட்டிய அதே முகாம். அங்கே பெயர் பதிந்து, மறுவாழ்வு உத்தரவைக் கையில் கொடுத்து, எந்த மாவட்டம் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். அவர்களில் பல குடும்பங்களுக்குக் கிடைத்தது நீலகிரி. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968-இல் தமிழ்நாடு அரசு கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியிருந்தது.